ஒளிந்து தின்பவர்களுக்கு ஒரு சொல்

திருக்கழுக்குன்றம்
8 ஜூலை 2024

திருமதி ஹம்சினி ஹேமந்த் அவர்களுக்கு,

ஆராவமுதன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம். அங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு விளக்கம். உன் கல்யாணத்தன்று, இனி உன்னோடு பேச மாட்டேன் என்று சொன்னேன். நான்கு வருடமாக அதில் மாற்றமில்லை. இனியும் இல்லை. எழுதுவதைப் பற்றி அன்று நான் எதுவும் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருடம் ஆங்கிலம் கற்பித்தவனுக்கு இரண்டு வினைச்சொற்களுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். நீயும் இப்போது ஆங்கில ஆசிரியை. உனக்கும் தெரிந்திருக்கும்.

செங்கல்பட்டில் என் பழைய சகாக்கள் ஒரு மாத இதழ் நடத்துகிறார்கள். அதில் ஆங்கிலச் சொற்களின் பூர்வீகம் பற்றி எழுதிவருகிறேன். சந்தாதாரர்களில் பாதிப் பேர் காலமாகிவிட்டார்கள், மீதிப் பேர் படிப்பதில்லை. இரு சாராரும் குறை சொல்வதில்லை.

இந்த முறை எடுத்துக்கொண்ட சொல் ‘ஸ்னூப்’. அடுத்தவரை வேவு பார்ப்பதைக் குறிக்கும் கொச்சைச் சொல். அகராதி இதை டச்சு மொழியின் ‘ஸ்னூபென்’ என்ற வினைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு மௌனமாகிவிடுகிறது. நீ சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டைக்கு எதிரில் குடியிருக்கிறாய். அங்கே டச்சுக்காரர்களின் கல்லறைகள் இருக்கின்றன. அவற்றில் இந்தச் சொல்லோ இதன் உறவினரோ இருந்தால் எழுதவும். குறிப்பாக வேப்பமரத்தடியில் இரண்டாவது கல். அதன் கடைசி இரண்டு வரிகளில் பாசி படிந்திருக்கிறது. தேய்த்துப் பார்க்க வேண்டும்.

உன் அம்மாவுக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது. டாக்டர் நடக்கச் சொன்னதால் சனிக்கிழமைதோறும் வேதகிரீஸ்வரர் மலையைச் சுற்றிவருவதாகச் சொல்கிறாள். நம்முடையது வைஷ்ணவக் குடும்பம். இருந்தாலும் உடற்பயிற்சியில் சம்பிரதாயம் பார்க்கக் கூடாது என்று விட்டுவிட்டேன். நடக்க நடக்க எடை கூடும் நோயாளியை இப்போதுதான் பார்க்கிறேன் என்று டாக்டர் ஆச்சரியப்படுகிறார்.

வெயிலில் அலைய வேண்டாம். பதில், முடிந்தபோது.

ஆராவமுதன்


சதுரங்கப்பட்டினம்
17 ஜூலை 2024

அப்பாவுக்கு ஹம்சினியின் நமஸ்காரம்.

நானும் ஹேமந்தும் மார்கரெட் அத்தையும் நலம். நீங்கள் விசாரித்தது இரண்டு பேரைத்தானா மூன்று பேரையா என்று தெரியாததால் மூன்றையும் எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதம் செங்கல்பட்டுக்குப் போய்விட்டு மூன்றாம் நாள் இங்கே வந்தது. பேருந்தில் வந்திருந்தால் முக்கால் மணி நேரம். ஆனால் பேருந்தில் வருபவர்கள் பேசிவிடும் அபாயம் இருக்கிறது, புரிகிறது.

கல்லறையைப் போய்ப் பார்த்தேன். கோட்டைக் காவலர் பூபாலன் தேங்காய் நார் கொடுத்து உதவினார். பெரிய எழுத்தில் ஒரு வியாபாரியின் பெயர். பாசிக்கு அடியில் சின்ன எழுத்தில் அவர் மனைவியின் பெயர். கல்லறை மனைவியுடையதாம். பூபாலன் சொன்னார், “புருசன் பேரு மேல, பொண்டாட்டி கீழ. எந்த ஊருக்குப் போனாலும் இதாம்மா கதை.” உங்கள் சொல் அங்கே இல்லை.

ஆனால் இணையத்தில் இருந்தது. நெதர்லாந்தில் இன்றைக்கும் ‘ஸ்னூப்’ என்றால் மிட்டாய். ‘ஸ்னூபென்’ என்றால் இனிப்புத் தின்பது. பழைய பொருளில், யாருக்கும் தெரியாமல் எடுத்துத் தின்பது. மிட்டாய் எப்படி வேவு ஆனது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு சந்தேகம். வேப்பமரமும் பாசியும் உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் இந்த ஊருக்கு வந்ததே இல்லையே.

அம்மாவுக்குச் சர்க்கரை கூடியிருப்பது கவலையாக இருக்கிறது. அவளைப் பார்த்து எவ்வளவோ நாளாகிறது.

மாத்திரையை மறக்காதீர்கள், நீங்களும்.

ஹம்சினி


திருக்கழுக்குன்றம்
29 ஜூலை 2024

ஹம்சினி ஹேமந்துக்கு,

இங்கே இருவரும் சௌக்கியம். அங்கே மூவரும் சௌக்கியம் என்று அறிந்தேன்.

நீ அனுப்பிய தகவல் மிகவும் உபயோகமாக இருந்தது. மற்றதை நான் கண்டுபிடித்துவிட்டேன். டச்சுக்காரர்கள் அமெரிக்காவுக்குப் போனபோது இந்தச் சொல்லையும் கொண்டுபோனார்கள். பக்கத்து வீட்டு ஆங்கிலேயர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். ஆரம்பத்தில் அவர்களுக்கும் இது பலகாரத்தை ஒளித்துத் தின்பதுதான். ஆனால் ஒளித்துத் தின்பவன் சும்மா தின்ன முடியாது. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டே தின்ன வேண்டும். நாளடைவில் அந்தச் சொல் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்வையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இதற்கு நூறு வருடம் ஆகியிருக்கிறது. மனிதர்களுக்கு அவ்வளவு ஆகாது.

கட்டுரைக்கு எடுத்துக்காட்டு வாக்கியங்கள் தேவை. இரண்டு எழுதியிருக்கிறேன்.

பழைய பொருள்: ஒரு பெண்மணி மலையைச் சுற்றப் போவதாகச் சொல்லிவிட்டுக் கல்பாக்கம் பேருந்தின் முன்வாசலில் ஏறி, கோட்டைக்கு எதிர் வீட்டில் போய்ப் பலகாரம் தின்றாள்.

புதிய பொருள்: அதே பேருந்தின் பின்வாசலில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஏறி, கோட்டைக்குள் கல்லறை படிப்பவர்போல் உட்கார்ந்து எதிர் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவை வெறும் உதாரணங்கள். எந்த வீட்டையும் குறிப்பிடுவன அல்ல. உதாரணத்தில் வரும் பெண்மணியின் முந்தானையில் சர்க்கரைத் துகள் ஒட்டியிருந்தது என்பதையும் சேர்க்கலாமா என்று யோசித்தேன். வாக்கியம் நீண்டுவிடும்.

மழை வரும்போல் இருக்கிறது. குடை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போகவும்.

ஆராவமுதன்


சதுரங்கப்பட்டினம்
12 ஆகஸ்ட் 2024

அப்பாவுக்கு நமஸ்காரம்.

எல்லோரும் நலம். குடை எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.

உங்கள் வாக்கியங்களை வகுப்பில் பயன்படுத்தலாம்போல் இருக்கிறது. நானும் சில எழுதிப் பார்த்தேன். திருத்தி அனுப்புங்கள்.

ஒன்று: கோட்டைக்குள் இருந்த ஆசிரியரை எதிர் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து ஒருத்தி முதல் வாரமே பார்த்துவிட்டாள்.

இரண்டு: அந்த வீட்டு மாமியார், கிறிஸ்துமஸுக்கு மட்டும் செய்யும் கல்கல்லை, சர்க்கரைப் பாகில் புரட்டிய அந்த மாவுச் சுருளை, வாராவாரம் செய்ய ஆரம்பித்துவிட்டாள். விருந்தாளி சுற்றுமுற்றும் பார்த்துத் தின்பதைக் கண்டு, “இன்னா சம்மந்தி, ரெண்டு கல்கல்லுக்கா இந்தப் பார்வை பாக்குற? உன் வூட்டுக்காரர் கோட்டைலதான் குந்தினுகீறாரு. இங்க ஏறி வரமாட்டாரு. நீ நிம்மதியா துண்ணு” என்றாள். விருந்தாளிக்கும் தெரியும், அப்பா. இரண்டாவது வாரத்திலிருந்தே தெரியும்.

மூன்று: மாடியில் இருந்தவள் கீழே இறங்கி ஓடிப்போய் அவரைக் கூப்பிடப் பார்த்தாள். விருந்தாளி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “கூப்பிடாதேடி. கூப்பிட்டா, வரமாட்டேன்னு அவர் சொல்லியாகணும். சொல்லிட்டா அதை ஆயுசு பூரா காப்பாத்துவார். உட்கார்ந்துண்டு இருக்கட்டும். வெயில் ஏறினா தானே வருவார்.”

நான்காவது வாக்கியம் மிகச் சிறியது: சனிக்கிழமைகளில் அந்த வீட்டின் வாசற்கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை.

வெயிலில் உட்காரும்போது தலையில் துண்டாவது போட்டுக்கொள்ளுங்கள்.

ஹம்சினி


திருக்கழுக்குன்றம்
2 செப்டம்பர் 2024

ஹம்சினிக்கு,

இங்கே சௌக்கியம்.

உன் வாக்கியங்களில் முதல் மூன்று சரி. நான்காவதை எடுத்துக்கொள்ள முடியாது. எடுத்துக்காட்டு வாக்கியம் ஒரு சொல்லை விளக்க வேண்டும். யாரையும் எங்கேயும் அழைக்கக் கூடாது.

கோட்டைக் காவலர் பூபாலன் நல்ல மனிதர். ஆனால் ஆராய்ச்சி புரியாதவர். போன சனிக்கிழமை என்னிடம் வந்து, “இன்னா பெரீவரே, வாரா வாரம் வந்துகினு கீறியே, உள்ள படுத்துனுகீறவன் எவனாவது உனக்குச் சொந்தமா?” என்றார். இல்லை என்றேன். “அப்ப எதிர் வூட்டுல கீறவங்க?” என்றார். கல்லறையில் ஒரு எழுத்து தெளிவாக இல்லை, அதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி நகர்ந்துவிட்டேன்.

உன் அம்மா வழக்கம்போல் மலையைச் சுற்றிவருகிறாள். நான் எதுவும் கேட்பதில்லை. அவள் திரும்பிவரும் பேருந்துக்கு அடுத்த பேருந்தில்தான் நான் வருகிறேன். எங்கே போனீர்கள் என்று அவளும் கேட்பதில்லை. நூலகம் என்று பதில் தயாராக வைத்திருக்கிறேன்.

அந்த வீட்டில் அவள் சந்தோஷமாக இருப்பதுபோல் தூரத்திலிருந்து தெரிகிறது. அது போதும் என்று நினைக்கிறேன்.

ஆராவமுதன்


சதுரங்கப்பட்டினம்
23 செப்டம்பர் 2024

அப்பாவுக்கு,

நமஸ்காரம். எல்லோரும் நலம். நான் கோபத்தில் எழுதுகிறேன், அதனால் கையெழுத்தை மன்னிக்கவும்.

போதுமா, அப்பா? யாருக்குப் போதும்?

எனக்குப் பத்து வயதில் மேசையில் அகராதியை விரித்து வைத்துச் சொன்னீர்கள்: “இங்கிலீஷ் ஏன் பெரிசாச்சு தெரியுமா ஹம்சி? எந்தச் சொல் வாசல்ல வந்து நின்னாலும், நீ யாராத்துப் பிள்ளைன்னு அது கேட்கலை. உள்ள வான்னுது.” நான் அதை நம்பினேன். ஹேமந்த் வாசலில் வந்து நின்றபோது நீங்கள் முதலில் கேட்டது அதைத்தான்.

வேறு மதம் என்று சொன்னீர்கள். அந்த மதத்துக்காரர்களின் பள்ளியில்தான் படித்தீர்கள், அவர்களிடம்தான் சம்பளம் வாங்கினீர்கள். மதம் இல்லை, அப்பா. மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் நம் கொள்ளுத்தாத்தாவின் நிலத்தில் ஹேமந்தின் கொள்ளுத்தாத்தா நாற்று நட்டார். அதுதான். ஒரு டச்சுச் சொல்லின் நாலு தலைமுறையைத் தேடிப்போய் ரசிப்பீர்கள். இந்த ஒரு பூர்வீகத்தை மட்டும் உங்களால் தாண்ட முடியவில்லை.

இதை எழுத உட்காரவில்லை. எழுத வந்தது வேறு. அம்மாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. போன வாரம் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். “சாம்பார் ஜாஸ்தியாயிடுத்துடி” என்று சிரித்தாள். மார்கரெட் அத்தை நாற்பது வருடம் நர்ஸாக இருந்தவர். அவர் சிரிக்கவில்லை. டாக்டரிடம் அழைத்துப் போங்கள். எப்படித் தெரியும் என்று அம்மா கேட்டால், அவள் மலையைச் சுற்றும்போது யாரோ பார்த்துச் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஹம்சினி


திருக்கழுக்குன்றம்
7 அக்டோபர் 2024

ஹம்சினிக்கு ஆசீர்வாதம்.

அழைத்துப் போனேன். செங்கல்பட்டில் இருதய டாக்டர் பார்த்தார். இருதயம் பலவீனமாக இருக்கிறதாம். புது மாத்திரைகள் கொடுத்திருக்கிறார். மாடி, பேருந்து இரண்டும் கூடாது. மலையும் கூடாது என்றார். “மலைக்கு நான் எங்கே போனேன்?” என்று உன் அம்மா டாக்டரிடமே சொல்லிவிட்டாள். நான் சுவரில் இருந்த இருதயப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்ற விஷயங்களுக்கு இப்போது பதில் எழுதவில்லை. பதில் இல்லை என்று அர்த்தமல்ல.

கட்டுரைக்கு ஒரு புதிய வாக்கியம் தோன்றியது. சரியா என்று சொல்லவும்: பேருந்தில் ஏறக்கூடாத ஒருத்திக்காக, சனிக்கிழமை காலை கோட்டைக் காவலரிடம் ஒரு டப்பா கொடுத்துவைக்கப்பட்டது. ஆசிரியர் அதை வாங்கிப்போய், கடையில் வாங்கியதாகச் சொல்லிக் கொடுத்தார்.

சர்க்கரை குறைவாக இருக்க வேண்டும். நான்கு சின்ன வெங்காயம் போட்ட சாம்பாரை அவள் தூக்கத்தில்கூட நினைக்கிறாள். நம் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் நுழைந்ததில்லை என்பது உனக்குத் தெரியும்.

ஆராவமுதன்


சதுரங்கப்பட்டினம்
4 நவம்பர் 2024

அப்பாவுக்கு நமஸ்காரம்.

தீபாவளி நல்லபடியாகக் கழிந்திருக்கும். இங்கேயும் விளக்கு வைத்தேன். அத்தை, “உனுக்கு மட்டும் இன்னா, எனக்கும் ரெண்டு மத்தாப்பு குடு” என்று வாங்கிக்கொண்டார்.

டப்பா நான்கு சனிக்கிழமை போய்த் திரும்பியிருக்கிறது. மூடியில் ‘மா. ரா.’ என்று வெட்டியிருப்பதை அம்மா கவனித்தாளா? எந்தக் கடையில் மார்கரெட் ராஜேந்திரன் என்று பேர் வெட்டி விற்கிறார்கள் என்று கேட்டிருப்பாளே. போன வாரம் டப்பாவைக் கழுவும்போது அடியில் ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருந்தது. அம்மாவின் கையெழுத்து: ‘உப்பு ஒரு கல் குறைவு.’ அதை எடுத்து வைத்திருக்கிறேன்.

சாம்பார் சூடாக இருக்கும்போது பூபாலன் கையில் பிடிக்க முடியாமல் தவிக்கிறார். கோட்டை வாசலிலிருந்து எங்கள் வாசல் ரோட்டைக் கடந்தால் வந்துவிடும். நீங்களே வந்து வாங்கிக்கொள்ளலாம். உள்ளே வர வேண்டாம். பேச வேண்டாம். கையை நீட்டினால் போதும்.

அம்மாவிடம், டிசம்பர் லீவில் வருகிறேன் என்று சொல்லுங்கள். வாசலில் நிற்கவைத்தாலும் நிற்கிறேன்.

ஹம்சினி


திருக்கழுக்குன்றம்
26 நவம்பர் 2024

ஹம்சினிக்கு ஆசீர்வாதம்.

நான் சௌக்கியம்.

இன்று விடியற்காலை உன் அம்மா காலமாகிவிட்டாள். தூக்கத்திலேயே போயிருக்கிறாள். டாக்டர் வந்து பார்த்து, இருதயம் என்று எழுதிக் கொடுத்தார். இனிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். நான் கேட்டதனால் சொன்னார்.

உன் அண்ணா அச்சுதன் பெங்களூரிலிருந்து ராத்திரிக்குள் வந்துவிடுவான். நாளைக் காலை பத்து மணிக்கு எடுப்பதாக இருக்கிறது. நீ வந்துவிடு. மாப்பிள்ளையும் மார்கரெட் அம்மாளும் வர வேண்டும். வாசலில் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். நான் சொல்லி வைத்திருக்கிறேன்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. இத்தோடு நிறுத்துகிறேன்.

அப்பா


சதுரங்கப்பட்டினம்
29 நவம்பர் 2024

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் இன்று மத்தியானம் வந்தது.

‘நாளைக் காலை பத்து மணி’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

அண்ணாவுக்குப் போன் செய்தேன். “சொல்லியாச்சான்னு கேட்டேன். சொல்லியாச்சுன்னார். நீ வரமாட்டேன்னுட்டேன்னு நினைச்சோம்டி” என்று அழுதான்.

நாளைக்கு அனுப்புவதற்காக டப்பாவில் உப்பைச் சரிபார்த்துக் கட்டிவைத்திருந்தேன்.

ஹம்சினி


திருக்கழுக்குன்றம்
3 பிப்ரவரி 2025

ஹம்சினிக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இரண்டு மாதமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். சமாதானம் சொல்வதற்காக எழுதவில்லை. நடந்தது என்ன என்று உனக்குத் தெரிய வேண்டும்.

உன் தொலைபேசி எண் என்னிடம் இல்லை. அது உன் அம்மாவின் போனில் இருந்தது. அதைத் திறக்க எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது காரணமில்லை. பக்கத்து வீட்டுப் பையனைப் பேருந்தில் ஏற்றி அனுப்பியிருக்கலாம். நானே வந்திருக்கலாம், வழி தெரியாதவன் இல்லை. நான்கு மாதமாக உனக்கு ஒரு செய்தி என்றால் என் கை காகிதத்தைத் தேடியது. அன்றைக்கும் தேடியது. பெட்டியில் போட்டுவிட்டு, ஹம்சினிக்குச் சொல்லியாகிவிட்டது என்ற நிம்மதியோடு வீட்டுக்குத் திரும்பினேன். கேட்டவர்களிடமெல்லாம் அப்படியே சொன்னேன்.

பத்து மணியைப் பன்னிரண்டாகத் தள்ளிப்போட்டேன். மந்திரம் சொல்ல வந்த வாத்தியார் நேரமாகிறது என்று நச்சரித்தார். கல்பாக்கம் பேருந்து நிற்கும் சத்தம் கேட்டபோதெல்லாம் தெருமுனை வரை போய்ப் பார்த்தேன். கோபம், அதனால் வரவில்லை என்று நினைத்தேன். கோபப்பட உனக்கு உரிமை உண்டு என்றும் நினைத்தேன். சாயங்காலம் சுடுகாட்டிலிருந்து திரும்பிவரும்போது, தபால் பெட்டியைத் திறந்து ஒருவர் பையில் கொட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அச்சுதன் கையைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றுவிட்டேன். ஏன் என்று அவனிடம் சொல்லவில்லை. அதையும் இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

உன் எண்ணை ஜனவரியில் அச்சுதனிடம் வாங்கினேன். பேச மாட்டேன் என்று சொன்னதை விட்டுவிட்டேன். தினமும் சாயங்காலம் கூப்பிடுகிறேன். மணி அடிக்கிறது.

ஸ்னூப் கட்டுரையை அனுப்பவில்லை. எடுத்துக்காட்டு வாக்கியங்களை அச்சில் பார்க்க முடியாது.

நீ கட்டிவைத்த டப்பாவை அந்தச் சனிக்கிழமை பூபாலனே வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்தார். நீ கொடுத்தனுப்பினாய் என்றார். ஏன் அனுப்பினாய் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. டப்பா கழுவி என்னிடம் இருக்கிறது.

அப்பா


சதுரங்கப்பட்டினம்
19 பிப்ரவரி 2025

அப்பாவுக்கு,

நமஸ்காரம். உடம்புக்கு ஒன்றுமில்லை. அத்தைக்கு மூட்டுவலி. ஹேமந்த் உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

டப்பாவை ஏன் அனுப்பினேன் என்று கேட்கவில்லை நீங்கள், இருந்தாலும் சொல்கிறேன். அம்மாவுக்காகச் செய்தது. வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை, கொட்டவும் முடியவில்லை.

மணி அடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். திரையில் எண் தெரிகிறது. நின்றதும் எழுந்து விளக்குப் போடுகிறேன். ஹேமந்த், “எடேன் ஹம்சி, அவரும் எவ்ளோதான் அடிப்பாரு” என்கிறார். நான்கு வருடம் அந்தக் குரலுக்காகக் காத்திருந்தேன். இப்போது எடுத்தால் அது ‘நாளைக் காலை பத்து மணி’ என்று சொல்லுமோ என்று பயமாக இருக்கிறது. வேறு எது சொன்னாலும் எனக்கு அப்படித்தான் கேட்கும்.

உங்களைத் தண்டிப்பதற்காக இல்லை. நான் உங்கள் பெண், அவ்வளவுதான். நீங்கள் நான்கு வருடம் எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு எவ்வளவு ஆகும் என்று தெரியவில்லை. எழுதுங்கள். எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

சனிக்கிழமைகளில் இப்போது கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிறேன். தெரிந்துகொள்ளுங்கள் என்பதற்காக எழுதுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். யார் சமைக்கிறார்கள்?

ஹம்சினி


திருக்கழுக்குன்றம்
10 மார்ச் 2025

குழந்தை ஹம்சிக்கு,

அங்கே மூவரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். மார்கரெட் அம்மாளின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம்.

நானேதான் சமைக்கிறேன். மணி அடிப்பதை நிறுத்திவிட்டேன்.

சனிக்கிழமை வந்தேன். முன்வாசலில் ஏறினேன். பின்வாசலில் ஏறிப் பழகிய காலுக்குப் படி உயரமாக இருந்தது. உன் வீட்டு வாசலில் நின்றேன். நீ எழுதியிருந்தபடியே இருந்தது. தட்டவில்லை. டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அது காலியாக இல்லை.

கோட்டைக்குள் போய் அந்த வியாபாரி மனைவியின் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திறந்தேன். சின்ன வெங்காய சாம்பார் சாதம். நம் வீட்டுச் சமையலறையில் செய்தது. உரிக்கத் தெரியாமல் பாதி வெங்காயத்தைத் தோலோடு போட்டிருக்கிறேன். உப்பு ஒரு கல் அதிகம். இதற்காக அவள் ஏன் பேருந்து ஏறினாள் என்று என் கைச் சமையலில் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அவளோடு உட்கார்ந்து நான் ஒரு தடவைகூடச் சாப்பிட்டதில்லை, அந்த வீட்டில்.

உன் வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். பார்ப்பதை விட்டுவிட்டேன் என்பது உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

பூபாலன் வந்து எதிரில் நின்றார். “இன்னா பெரீவரே, அந்தப் பக்கம் திரும்பிக் குந்தினுகீற?”

“வெயில்” என்றேன்.

“வெயிலு இந்தப் பக்கம்தான் அடிக்கிது” என்றார். பிறகு என் தலைக்கு மேலாக ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: “மாடி ஜன்னலாண்ட அந்தப் பொண்ணு தட்டோட குந்தினுகீது. நீ ஒரு வாய் வெச்சா அதுவும் ஒரு வாய் வெக்கிது. நீ நிறுத்துனா அதுவும் நிறுத்திடுது. நா அப்பலேர்ந்து பாத்துனுதான் கீறேன்.”

அப்படியா என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை.

டப்பாவில் இரண்டு வாய்தான் மீதி இருந்தது. அதை வெகுநேரம் சாப்பிட்டேன்.

அப்பா